மேகத்தைக் கண்டு மகிழ்ந்த மடையன்

பல வருடங்களுக்கு முன், மலேசியாவில் கிள்ளானிலிருந்து ரவாங் பக்கத்து அருவிக்கு மனைவி சரோஜாவோடு படமெடுக்கப் போயிருந்தேன். விழும் நீர் பட்டுத்துணிபோலத் தெரிய, கேமராவின் ஷட்டரை நான்கு விநாடி திறந்துவைக்கவேண்டும். அதற்கு வெளிச்சம் மங்கவேண்டும். மலைமேல் மேகம் கறுத்ததும் எனக்கு ஒரே குஷி.

தண்ணீர் நடுவே பாறையில் உட்கார்ந்திருந்தவளிடம், கரையிலிருந்து "அசையாதே!" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.

"என்னங்க, தண்ணி கலங்கித் தேத்தண்ணி கலர்ல வருது லா!"

"நாலே செகண்டுதான், இரு!"

அவள் கேட்கவில்லை, எழுந்து கரைக்குத் தாவினாள். மலையில் பெய்த மழைவெள்ளம் அடுத்த மூச்சில் அந்தப் பாறையையே விழுங்கியது.

கழுவி வந்த படத்தைப் பார்த்துச் சிலிர்த்துப்போனேன். நீர் அத்தனை அழகு! பாதியில் எழுந்த சரோஜா மட்டும் பாறைமேல் வெறும் புகையாக இருந்தாள்.

இப்போதெல்லாம் அவள் "வாங்க" என்றால், நான்கு விநாடி அவகாசம்கூடக் கேட்பதில்லை.