நாற்பது ரூபாய்க்குள் குற்றாலம்

அருமைநாயகம் பிள்ளையைக் கண்டாலே எனக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் தினமும் காண வேண்டியிருந்தது. தென்காசியில் ஓர் அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. சம்பளம் சொற்பம், மிதப்பு ஏகப்பட்டது. மனக்கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று யாரோ எப்போதோ சொல்லிவிட்டார்கள். அதை அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

‘பட்ஜெட்’ என்ற வார்த்தையை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்த புண்ணியவான் அவர்தான். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் குற்றாலத்துக்கு வந்து பத்து நாள் குளித்துவிட்டுத் திரும்புவதை நாற்பது ரூபாய்க்குள் முடித்துக் காட்டுவேன் என்பார். ரயில் சார்ஜ் இவ்வளவு, பஸ் இவ்வளவு, எண்ணெய் தேய்த்துவிடுகிறவனுக்கு இவ்வளவு, மங்குஸ்தான் பழம் இவ்வளவு என்று விரலை மடக்குவார். தங்குவதற்கு எவ்வளவு என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, நம்ம வீடு இருக்கே.” சாப்பாட்டுக்கு? “அதுவும் ஒண்ணுமில்ல, நம்ம வீடு இருக்கே.” கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். வாயைப் பிளந்தவர்களெல்லாம் ஆனி மாதம் பிறந்ததும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிடுவார்கள்.

அந்த ‘நம்ம வீடு’ என்பது குழல்வாய்மொழி. அவருடைய மனைவி, சிவகிரிக்காரி. குற்றாலத்து அம்மன் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள். அருவியில் குளிப்பாட்டி, ஈரத்தலையோடு அம்மன் சந்நிதியில் நிறுத்துகிறேன் என்று அவளுடைய அம்மா நேர்ந்துகொண்டு, செய்யாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். தென்காசியில் மாப்பிள்ளை என்றதும் இவளுக்கு ஏக சந்தோஷம். மூன்று மைலில் குற்றாலம், போனதும் நேர்ச்சையை முடித்துவிடலாம் என்று நினைத்தாளாம். வந்து பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அருவியில் தண்ணீர் இல்லாத நாளில் போய்ப் பிரயோசனமில்லை. தண்ணீர் விழுகிற நாளிலெல்லாம் வீடு நிறைய விருந்தாளி. விடியுமுன் இட்லி அவிக்க வேண்டும். அவர்கள் குளித்துவிட்டுப் பசியோடு வரும்போது சோறு, குழம்பு, கூட்டு, அப்பளம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அருவித் தண்ணீரில் குளித்தவனுக்குப் பசி எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தின்றுவிட்டு, சாரல் காற்றில் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவார்கள். அந்த ஈரத்துணிகளையும் அவள்தான் பிழிந்து போட வேண்டும். தானும் வரட்டுமா என்று அவள் கேட்டால், “அருவி எங்கட்டி போயிரப் போகுது?” என்பார் பிள்ளை.

ஐம்பத்துநாலாம் வருஷ சீசனில் அவருடைய அக்கா, அத்தான், அவர்கள் பிள்ளைகள், கொசுறுக்கு அத்தானின் தம்பி குடும்பம் என்று ஒன்பது பேர் வந்திறங்கினார்கள். நல்ல சீசன். பெரிய அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் குறைவாக இருப்பதாக அந்த அக்காவே வந்து சொன்னாள். குழல்வாய்மொழிக்கு ஆசை தாங்கவில்லை. அன்று தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே, நாளைக்கு ஒரு நாள் தானும் வரட்டுமா என்று கேட்டாள். நான் உறைமோர் வாங்கப் போனவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

பிள்ளை தட்டிலிருந்து கையை எடுக்காமலே கணக்குப் போட்டார். “நீ போனா காலைப் பலகாரம் ஓட்டல்ல. பன்னெண்டு பேருக்கு மூணு ரூவா. மத்தியானச் சாப்பாடு ஆறு ரூவா. ஒனக்கு பஸ்ஸுக்குக் கால் ரூவா. ஒன்பதே கால் ரூவாக்கு ஒரு குளியலா? மகாராணி கூட இப்படிக் குளிக்க மாட்டா.”

அக்கா சிரித்தாள். அத்தான் சிரித்தார். இன்னொரு தோசை கேட்டார். தின்கிற வாயால் சிரிக்க அவர்களுக்கு வெட்கமாக இல்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. அவள் அடுத்த தோசையை வார்த்தாள்.

மறுநாள் விடியற்காலையில் என் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு மாற்றுச்சேலை. “பேராச்சிக்கா, நடந்து போவமா?” என்றாள். அடுப்பு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று பயம்.

சாரலிலேயே நடந்தோம். அருவிக்குள் நுழைந்ததும் முதலில் மூச்சுத் திணறிப் பின்வாங்கினாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போதும், வா என்று நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். அவள் காதில் விழவே இல்லை. வெளியே வந்து அழுதாள். தலையைத் துவட்டாமல் கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் நின்றாள். அம்மா சொன்னபடி ஆயிற்று.

உச்சிப்பொழுதுக்குத் திரும்பி வந்தோம். அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடவே உள்ளே போனேன். கூடத்தில் இலை போட்டு ஓட்டல் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பது விருந்தாளி, அவள் பெற்ற இரண்டு பிள்ளைகள், அவர். பன்னிரண்டு சாப்பாடு. கணக்கு சுத்தம். அவளுக்கு வாங்கவில்லை.

அவள் இலைகளை ஒருமுறை பார்த்தாள். அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ரசம் மிச்சம் இருக்கும் என்று முணுமுணுத்தார்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

“ஒரு நாளைக்கு ஒன்பது ரூவான்னு நீங்கதான் சொன்னீங்க. வருஷத்துக்கு ரெண்டு மாசம் சீசன். பன்னெண்டு வருஷம். எனக்குப் பெருக்கத் தெரியாது. நீங்க பெருக்கிச் சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

இலைகளில் கைகள் நின்றுவிட்டன. மனக்கணக்கில் மிஞ்ச ஆளில்லாத மனிதர் குனிந்து அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் வீட்டுக்கு வந்து பழையதைப் பிழிந்து வைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள். அக்கா குடும்பம் சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டது. ரயிலடிக்குக் கொண்டுபோக எலுமிச்சம் சாதம் கட்டித்தரச் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்பினார்கள். குழல்வாய்மொழி படுத்தபடியே, ஓட்டல் இன்னும் திறந்துதான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினாள்.