‘குடும்பம்: இல்லை’ என்று நான் பூர்த்தி செய்த கட்டம்

1. பென்சில்

கோர்ட் பதிவறையில் என் முதல் நாளிலேயே பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பழைய ஃபைல்களுக்குப் பக்கத்தில் மை கூடாது, பென்சில் மட்டும்தான். கைப்பேசி லாக்கரில். பதிவறைப் பொறுப்பாளர் காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கியிருந்த மலாய்ப் பெண்மணி. ஒரு பென்சிலை நீட்டி, கடித்து வைக்காதே, அரசாங்கச் சொத்து என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

நான் அப்போது நீலாயில் ஒரு குற்றவியல் ஆய்வில் உதவியாளன். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இளைஞர்கள் எப்படிக் கேஸில் மாட்டினார்கள் என்பது ஆய்வு. அழிப்புப் பட்டியலில் ஏறிவிட்ட பழைய மாஜிஸ்திரேட் கோர்ட் ஃபைல்களை எங்களுக்காகக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்திருந்தார்கள். நாங்கள் முடித்ததும் பெட்டிகள் போய்விடும்.

ஒரு ஃபைலுக்கு ஒரு ஃபாரம். வயது, வேலை, குற்றச்சாட்டு, ஒப்புக்கொண்டாரா, தண்டனை, குடும்பம். ஆறும் முதல் பக்கத்திலேயே கிடைத்துவிடும். மதியத்துக்குள் ஒரு பெட்டியைத் தள்ளிவிடுவேன். அந்த வேகத்தில் எனக்குப் பெருமை. எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் ஆறாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் குலை வெட்டியவர். “என் மகன் கோர்ட்டுல வேல லா” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

குடும்பம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. கோர்ட்டுக்கு உறவினர் யாரும் வரவில்லை, குடும்பம் இல்லை என்கிறார். அடுத்ததும் அப்படியே. ஆய்வுத் தலைவரை நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்த அத்தியாயத்துக்கு ‘வேரற்ற இளைஞர்கள்’ என்று தலைப்பே வைத்துவிட்டார். நானும் நம்பினேன். தோட்டத்தில் பிறந்த நானே நம்பினேன் என்பதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

2. கேண்டீன்

எங்கள் ஆபிஸ் கேண்டீனில் பரிமளம் அக்கா சமையல். ஐம்பது தாண்டியவர், ரஹாங்கிலிருந்து காலை ரயிலில் வருவார். நான் பழைய கேஸ் படிக்கிறேன் என்று யாரோ சொல்லி, அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘கேஸ் தம்பி’. “கேஸ் தம்பிக்கு ஒரு முட்டை கூட வை, பாவம், திருடனுங்களோடயே இருக்காரு” என்று கத்துவார்.

ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு எதிரில் வந்து உட்கார்ந்தார். சி ரூசா பக்கம் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அண்ணன் மணியம். ரப்பர் மரத்துக் கிண்ணத்தில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலை மூட்டை கட்டி வெளியே விற்றதாகப் பிடித்தார்கள். அப்போது அண்ணனுக்கு இருபது வயது, அக்காவுக்குப் பதினொன்று. ஆறு மாதம் ஜெயில். உள்ளே போனவர் வெளியே வந்தார், ஆனால் வீட்டுக்கு வரவே இல்லை.

கேஸ் அன்று வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. போகக்கூடாது என்று அக்காவின் அப்பா சொல்லிவிட்டார். அந்தத் தோட்டத்தில் வழக்கம் அப்படி. ஒரு வீட்டு ஆள் திருட்டில் மாட்டினால் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். மணியம் கல்யாணமாகாத ஆண்கள் லயத்தில் தனியாக இருந்தார், தனியாகத்தான் பேர் பதிந்திருந்தது. அதனால் குடும்பம் வாயைத் திறக்காமல் இருந்தால் வீடு தப்பும். கோர்ட் வாசலில் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் நின்று யார் வருகிறார்கள் என்று பார்ப்பாராம்.

“அன்னைக்கு அவன் எங்களத் தேடினானா, திட்டினானா, ஒன்னும் தெரியாது தம்பி. கோர்ட்டுல கடைசியா என்னமோ கேப்பாங்களாமே? அதுக்கு என்ன சொன்னான்னு மட்டும் தெரிஞ்சா போதும்.”

அந்தத் தோட்டத்து ஒட்டுப்பால் கேஸ் ஒன்றைப் போன மாதம்தான் முடித்திருந்தேன். வயது இருபது. ஆறு மாதம். குடும்பம்: இல்லை.

3. வாயைக் கட்டிக்கொண்டு

ஆய்வில் சேரும்போது, ஃபைலில் படிப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். சொல்ல முடியாது. முடிந்திருந்தாலும், உங்க அண்ணன் குடும்பமே இல்லைன்னு சொல்லிட்டார் அக்கா என்று எந்த வாயால் சொல்வது?

யாரென்றே தெரியாத நான் ஒரு கடிதத்தோடு போய்ப் பெட்டி பெட்டியாகப் படிக்கலாம். கூடப் பிறந்தவர் ஒரு தாளைப் பார்க்கக் காரணம் எழுத வேண்டும், உறவை நிரூபிக்க வேண்டும், கேஸ் நம்பர் கொடுக்க வேண்டும். நம்பரை என் குறிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்க எனக்கு அனுமதியில்லை. டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். நீ எதையும் சொல்லாதே, ஆனால் விண்ணப்பிக்க உதவுவதை யாரும் தடுக்கவில்லை என்றார்.

அக்காவுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் பெரிய படிப்பாளி மாதிரி ‘தகவல் அறியும் பொருட்டு’ என்று எழுதினேன். பத்தே நாளில் திரும்பி வந்தது. காக் ரோஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தகவல் யாருக்குத்தான் வேண்டாம், இவருக்கு அவர் யார் என்று எழுது என்றார். இரண்டாவது மனுவில் தங்கை என்று எழுதி, இரண்டு பேரின் பிறப்புப் பத்திரத்தையும் வைத்தோம். அண்ணனுடையதை அக்காவின் அம்மா சாகும்வரை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாராம். நம்பர் இல்லாததால் பழைய பதிவேட்டில் தேட வேண்டியிருந்தது. அதை காக் ரோஸ் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானே தேடினார்.

ஐந்து வாரம் ஆனது. அழிப்புக்குப் போகும் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. கேண்டீனில் அக்கா என் தட்டை வைக்கும்போது முகத்தைப் பார்ப்பார். நான் தட்டிலிருக்கும் மிளகாய்ச் சம்பலைப் பார்ப்பேன்.

4. நகல்

நகல் வந்த அன்று அக்கா என்னையும் கூட்டிப் போனார். பதிவறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மாஜிஸ்திரேட் கையால் எழுதிய மலாய். அக்காவுக்கு மலாய் பேச வரும், அந்தக் கையெழுத்துப் புரியவில்லை. இனி அது அவருடைய தாள், நான் வாசிக்கலாம்.

முதல் பக்கம் எனக்குத் தெரிந்ததுதான். மெதுவாக வாசித்தேன். உறவினர் யாராவது வந்திருக்கிறார்களா என்று கோர்ட் கேட்கிறது. இல்லை, எனக்குக் குடும்பம் இல்லை என்கிறார்.

அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

தாளைத் திருப்பினேன். இந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. என் ஆறு கட்டங்களுக்கு இது தேவைப்படவில்லை.

‘மூட்டையோடு பிடிபட்ட சைக்கிள் தன்னுடையது அல்ல என்கிறார். தோட்டத்தில் பள்ளிக்குப் போகும் ஒரு சிறுமியுடையது. பள்ளி தூரம். அவளிடம் திருப்பிக் கொடுக்குமாறு வேண்டுகிறார். சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.’ கீழே உத்தரவு: சைக்கிளைத் தோட்ட ஆபிஸ் வழியாக ஒப்படைக்கவும்.

அக்கா முதலில் சிரித்தார். என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை.

“அது அவன் சைக்கிள் தம்பி. எனக்குக் காலே எட்டாது லா.”

பிறகு சொன்னார். கேஸ் முடிந்த வாரம் தோட்ட ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி அந்தச் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டு, புள்ள பள்ளிக்கூடம் போகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். அப்பா கிராணியைக் கையெடுத்துக் கும்பிட்டாராம். குறுக்குப் பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டி, படிவம் மூன்று, அதாவது ஒன்பதாவது வரை அக்கா அதில்தான் போனார்.

“இவங்க மலாய்ல எழுதியிருக்காங்க. அவன் தமிழ்ல என்ன சொல்லியிருப்பான் தம்பி?”

மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போனது, உங்க அண்ணன் வார்த்தை எங்கும் இல்லை என்றேன். அக்கா தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “‘அந்தப் புள்ள அவ்ளோ தூரம் நடக்காதுங்க’ன்னு சொல்லியிருப்பான்” என்றார். அப்போதுதான் அழுதார்.

5. கட்டத்தை மாற்றியது

முதல் பக்கத்தோடு நிறுத்திய என் தவறை அன்றே அக்காவிடமும், மறுநாள் டாக்டரிடமும் சொன்னேன். அந்த ‘இல்லை’களில் எத்தனை, வீட்டைக் காப்பாற்றச் சொன்ன ‘இல்லை’ என்று நமக்குத் தெரியாது. டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ ‘வேரற்ற இளைஞர்கள்’ என்ற தலைப்பை அடித்துவிட்டார். மிச்சமிருந்த எல்லாப் பெட்டிகளையும் கடைசித் தாள் வரை படிக்கச் சொன்னார். ஏற்கெனவே போய்விட்ட பெட்டிகளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவற்றில் என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. அந்தத் தாள்களைத் திருப்பாமல் அனுப்பியவன் நான்.

புது ஃபாரத்தில் ‘குடும்பம் இல்லை’ என்பதை எடுத்துவிட்டு, ‘குடும்பம் இல்லை என்று சொன்னார்’ என்று போட்டோம். இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். ஃபைலில் இருப்பது ஒருவர் சொன்னது. ஏன் சொன்னார் என்பது வேறு யாரிடமோ இருக்கும், அவர் நமக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கலாம்.

அக்கா இப்போதும் கேண்டீனில்தான். நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். போன வாரம் தட்டை வைத்துவிட்டு நின்றார். ஜெயிலிலிருந்து வெளியே வந்தவன் எந்தப் பக்கம் போனான் என்று எழுதுகிற ஃபைல் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்து இல்லை அக்கா என்றேன்.

“நீ முதல் பக்கத்த மட்டும் பாத்துட்டுச் சொல்றியா?” என்றார்.

நான் சாப்பிட்டுவிட்டுப் பதிவறைக்குக் கிளம்பினேன். அன்று காக் ரோஸிடம் கேட்டேன், சிறைச்சாலைப் பழைய பதிவேடுகளுக்கு யாரிடம் மனுப் போட வேண்டும் என்று.