வயிற்றிலேயே பேசிவைத்த பிள்ளை

எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். எண்பதுகளில் நான்காவது வயிற்றிலிருந்தபோது, பிள்ளையில்லாத என் அக்கா, ராத்தா, அக்கரைப்பற்றிலிருந்து சாய்ந்தமருதில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"என்ட புருசன்ட குடும்பத்தில ஒரு புள்ளைய எடுக்கச் சொல்றாங்க. அது ஆம்புளையா இருந்தா, வளந்த பொறகு மார்க்கப்படி அவன் அன்னிய ஆம்புள, அவனுக்கு முன்னால நான் முக்காடு போட்டு மறையணும். உன்ட புள்ளையெண்டா என்ட சொந்த ரெத்தம், மறைய வேணாம்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கணவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓம் ராத்தா, தாறன்," என்றேன்.

பிறந்தது ஆண் குழந்தை. நாற்பது நாள் கழிந்ததும் கொண்டுபோனார்கள். அதன்பிறகு வீட்டுக்குள் குழந்தை அழுவது கேட்கும். சட்டை பாலில் நனைய, எழும்பி அறைக்கு ஓடுவேன்.

"புள்ள அக்கரைப்பற்றில. இஞ்ச ஆரு அழுற?" என்பார் கணவர்.

பால் வற்றிய பிறகும் அந்த அழுகை நிற்கவில்லை.

பள்ளிக்கூடம் போகும் வயதில், மகன் ஒரு பெருநாளுக்கு ராத்தாவோடு வந்தான். என் மகள்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, சின்னம்மா என்றே அறிந்திருந்த என்னிடம் கேட்டான்.

"சாச்சி, உங்களுக்கு ஆம்புளப் புள்ள இல்லையா?"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ராத்தாவின் கை அப்படியே நின்றது.

"இல்ல மகன்," என்றேன்.

அவன் தட்டிலிருந்த வட்டிலாப்ப இனிப்பைச் சாப்பிடத் தொடங்கினான்.