பேரில்லாத பிள்ளைக்கு ஒரு காப்பீட்டு அட்டை

நான் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்பு. பிள்ளைகளிடம் நாள் முழுக்கப் பேசுவேன், பாடுவேன், யானை மாதிரி நடந்தும் காட்டுவேன். பெரியவர்கள் நான்கு பேர் சேர்ந்து நின்றால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். எங்கள் மையத்தில் சமைக்கும் ஆயாம்மாவுக்கு அந்தக் குறை கிடையாது. "டீச்சருக்கு வாய் மூணு அடிக்கு மேல வேல செய்யாதுங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். மூன்றடி என்பது எங்கள் பிள்ளைகளின் உயரம்.

இப்படிப்பட்ட என்னிடம் மேற்பார்வையாளர் ஒரு வேலை கொடுத்தார். சத்துமாவு வாங்க வரும் தாய்மார்களிடம் அரசு மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேச வேண்டும். அட்டை இல்லாத வீடுகளை எடுக்க வைக்க வேண்டும். அட்டை இருந்தாலும், ரேஷன் கார்டில் பிள்ளை பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஏறாவிட்டால் காப்பீடு பிள்ளைக்குப் பயன்படாது.

நான் பேசவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து அழகாக ஒரு சார்ட் எழுதி வாசலில் மாட்டினேன். தாய்மார்கள் வந்து, மாவை வாங்கி, சார்ட்டின் மேல் சாய்ந்து நின்று ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்கள். பொறுக்க முடியாமல் ஆயாம்மா கரண்டியோடு வெளியே வந்தார்.

"ஏம்மா, பைக்குக்கு இன்சூரன்ஸ் போடறீங்களே, புள்ளைக்குப் போட மாட்டீங்களா?"

"பைக்குக்குப் போடலன்னா போலீசு புடிக்குது ஆயாம்மா. புள்ளைக்கு யாரு புடிக்கறா?"

இன்னொருத்தி, "நல்லா இருக்கற புள்ளைக்கு ஆசுபத்திரி கார்டு எடுக்கறது, நோய்க்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கற மாதிரிங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பதற்குத் துணிச்சல் தேவையில்லை.

அன்று சிரிக்காமல் நின்றவள் ஒருத்தி. அவளுடைய மகளுக்கு இரண்டரை வயது. ஒல்லிப் பிள்ளை, எடை மாதாமாதம் ஒரே கோட்டில் நிற்கும், நாலு வாய் சோறு தின்றால் மூச்சு வாங்கும். அதற்கு முந்தின மாதம் நடமாடும் மருத்துவக் குழு வந்தபோது அந்த டாக்டரம்மா மற்ற பிள்ளைகளின் நெஞ்சில் ஒரு முறையும், இவள் நெஞ்சில் மூன்று முறையும் குழாயை வைத்துக் கேட்டார். சீட்டு எழுதிக் கொடுத்து தருமபுரிக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்து, இதயத்தில் ஓட்டை இருக்கிறது, அடைத்துவிடலாம், காப்பீட்டில் செய்யலாம் என்று சொல்லி, சேலத்தில் ஆபரேஷனுக்கு ஒரு தேதியும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டில் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆனால் ரேஷன் கார்டில் பிள்ளை இல்லை. அதைவிடப் பெரிய சங்கதி, பிள்ளைக்குப் பெயரே இல்லை.

வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அந்த வீட்டார் வழக்கத்தில் ஆடி மாதம் குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, மொட்டையடித்து, காது குத்தித்தான் பெயர் வைக்க வேண்டும். அதுவரைக்கும் பாப்பா. பிறப்புச் சான்றிதழிலும் பெயர்க் கட்டம் காலி. தாய்மாமனோ மடி தர மறுத்துவிட்டார். தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டார் தன் பெயரை அவர்கள் சித்தப்பா ஒருவர் பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டார்கள் என்பது அவர் மனக்குறை. அந்த ஒரு வரிக்காக மூன்று ஆடி மாதம் மடி காலியாகவே கிடந்தது. பிள்ளையின் அப்பா டெம்போ ஓட்டுகிறவர். தாய்மாமன் பாப்பிரெட்டிப்பட்டியில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். டெம்போ டயர் பஞ்சரானாலும் அப்பா அந்தக் கடையைத் தாண்டி, நாலு கிலோமீட்டர் நொண்டிக்கொண்டு போய் வேறு கடையில்தான் ஒட்டுவார்.

இதில் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் எடையை எங்கள் செல்போனில் ஏற்ற வேண்டும். பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது. பாப்பா என்று போடலாம் என்றால், ஏற்கெனவே நாலு பாப்பா இருந்தன. அவள் அம்மாவைக் கேட்க எனக்குக் கூச்சம். சண்டை நடக்கிற வீட்டில் பெயரைப் பற்றி எப்படிக் கேட்பது? அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த டிவி தொடரின் கதாநாயகி பெயரை எழுதிவிட்டேன். தற்காலிகமாகத்தான். பிறகு அந்தக் கதாநாயகி சொந்த மாமியாரையே ஜெயிலுக்கு அனுப்பிவிட்டாள். அது நான் எழுதிய பிறகு நடந்தது, என் தப்பில்லை.

டாக்டரம்மா என் பட்டியலைப் பார்த்துத்தான் சீட்டு எழுதினார். சீட்டிலிருந்து ஸ்கேனுக்கும், ஸ்கேனிலிருந்து சேலத்துக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. எழுதப் படிக்கத் தடுமாறும் அம்மா கவனிக்கவில்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போன இடத்தில், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஆஸ்பத்திரிச் சீட்டைச் சத்தமாக வாசித்தபோதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. தாய்மாமன் திருட்டுத்தனமாகப் பெயர் வைத்துவிட்டார் என்று அவர் கொதித்தார். செய்தி பஞ்சர் கடைக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டார்தான் தன்னை விட்டுவிட்டுப் பெயர் வைத்துவிட்டார்கள் என்று அவரும் கொதித்தார். யார் வைத்தது என்று தெரியாமல் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அப்பா நின்றுவிட்டார்.

நான் ஒரு வாரம் சும்மா இருந்தேன். நாள் போய்க்கொண்டே இருந்தது.

அடுத்த சத்துமாவு நாளில் அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் வந்தார்கள். "ஒங்க அங்கன்வாடி ஆளுங்களுக்குத்தான தெரியும், யாரு பேரு குடுத்ததுன்னு" என்று அப்பா வாசலிலேயே தொடங்கினார். சொல்லி வைத்தாற்போல தாய்மாமனும் கை நிறைய கிரீசோடு வண்டியில் வந்து இறங்கினார். நான் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டு பேரும் ஆயாம்மாவைப் பார்த்துக் கத்தினார்கள்.

"அவருகிட்ட சொல்லுங்க, பேரு வெக்க தில்லு இருந்தா நேர்ல வந்து வெக்கச் சொல்லுங்க!"

"அவருகிட்ட நீங்க சொல்லுங்க, பத்திரிகையில போட்ட மாதிரி இதுலயும் என்னயக் கீழ தள்ளிட்டாங்கன்னு!"

"நானென்ன ரேடியோவா? நேராப் பேசிக்குங்க" என்றார் ஆயாம்மா.

அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னாள். "பேரு எதுவா இருந்தா என்ன? இன்னும் பத்து நாளுதான் இருக்குது. இது மூச்சு வாங்கறது ஒங்க யாரு காதுக்கும் கேக்கலயா?"

எனக்குக் கேட்டது. மூட்டைக்குப் பின்னாலிருந்து வந்தேன். "நான்தாங்க எழுதுனேன்" என்றேன். அவ்வளவு மெல்லமாகச் சொன்னதால் இன்னொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. செல்போன், எடை, நாலு பாப்பா எல்லாவற்றையும் சொன்னேன். டிவி தொடரை மட்டும் சொல்லவில்லை. ஆயாம்மா சொல்லிவிட்டார்.

இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்களா டீச்சர்?" என்றார் அப்பா. "வாயே தொறக்க மாட்டீங்க. பேரு வெக்கறதுக்கு மட்டும் தொறந்துக்குச்சா?"

"எங்கூட்டுப் புள்ளைக்குப் பேரு வெக்க நீங்க யாருங்க?" என்றார் தாய்மாமன்.

"அதத்தான் மச்சான் நானும் கேக்கறேன்!"

"நம்மள ஒரு வார்த்த கேட்டாங்களா மாப்ள?"

"கேக்கலயே மச்சான்!"

ஆயாம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "மூணு வருசமா வாயில வராத மச்சான் இப்ப வந்துட்டாருடியம்மா" என்றார். இருவரும் அப்போதுதான் தாங்கள் பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்தார்கள். ஆனால் நிறுத்த முடியவில்லை. இருவருக்கும் பொதுவாகத் திட்ட ஓர் ஆள் கிடைத்திருக்கும்போது யார் விடுவார்கள்? அரை மணி நேரம் சேர்ந்து திட்டினார்கள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியதில்லை.

பெயரை மாற்றினால் ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து எல்லாம் மாற்ற வேண்டும், தேதி தள்ளிப்போகும் என்று நான் சொன்னேன். தாய்மாமன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் முகவாய்க்கு வந்தது. "குடும்மா இங்க" என்று பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப கார்டுக்கு இந்தப் பேரு இருக்கட்டும். ஆப்ரேசன் முடிஞ்சு கோயில்ல நாங்க ஒரு பேரு வெச்சுக்கறோம். சொல்லுங்க டீச்சர், என்ன பேரு அது?"

சொன்னேன். அவர் பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்னார். அது கூச்சம் தாங்காமல் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தது. அப்பா அன்றே கையெழுத்துப் போட்டார். சான்றிதழ், ரேஷன் கார்டு, காப்பீடு என்று ஒவ்வொரு இடத்துக்கும் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில் போனார்கள். கலெக்டர் ஆபீசில் காப்பீட்டுப் பதிவு முடிந்தபோது ஆபரேஷனுக்கு இரண்டு நாள்தான் பாக்கி.

ஆபரேஷன் அன்று காலை சேலத்திலிருந்து அம்மா போன் செய்தாள். மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நர்சம்மா ரெண்டு தரம் பேரச் சொல்லிக் கூப்ட்டாங்க டீச்சர். நாங்க மூணு பேரும் வேற யாரோ புள்ளையின்னு பேசாம உக்காந்துட்டோம். பக்கத்துப் பெட்டுக்காரங்க சீட்டப் பாத்துட்டுத்தான் சொன்னாங்க. இப்பதான் உள்ள தூக்கிட்டுப் போனாங்க."

அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்வது போல அன்று ஏதேதோ கதை சொன்னேன், கதவு திறந்து, நல்லபடியாக முடிந்தது என்று யாரோ அவளிடம் சொல்லும் சத்தம் எனக்குக் கேட்கும்வரை.