கலைத்த தொகுதியும் சித்தேரி ரோடும்

போன தேர்தலில் தொலைக்காட்சியில் தொகுதிகளின் பேரை வாசித்துக்கொண்டிருந்தார்கள். காபியை ஆறவிட்டுக் காத்திருந்தேன், எங்கள் பழைய நாடாளுமன்றத் தொகுதியின் பேர் வருமென்று. எங்கே வரும்? அதைக் கலைத்து எத்தனையோ காலமாயிற்று. எனக்கு வயதாகிறதே தவிர, எரிச்சலுக்கு ஆகக் காணோம்.

அறுபதுகளின் கடைசியில் நான் அரூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. தொகுதிக்கு மலைக்கு அந்தப்பக்கத்து ஊர் ஒன்றின் பேர். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அந்த ஊரைப் பார்த்ததே கிடையாது. சித்தேரி மலைச் சடையனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரு ரோடு. பிரசவ வலி கண்ட மனைவியைக் கம்பில் போர்வை கட்டிச் சுமந்து இறங்கியபோது, பாதி வழியிலேயே பிள்ளை பிறந்து இறந்துபோயிற்று. மனைவி பிழைத்தாள். அதற்குப் பிறகு ரோட்டைத் தவிர வேறு எதையும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

தேர்தல் வந்தது. வேட்பாளரின் ஜீப் அடிவாரத்தில் நின்றது. மலைக்காரர்களை இறங்கி வரச் சொல்லி ஆள் போக, சடையன் மட்டும் வந்தார்.

"ஓட்டு மேல இருக்குதுங்க. நடந்து வாங்க."

வாக்குச்சாவடிக்கு இடம் பார்க்கப் போயிருந்த நானும் கூடவே ஏறினேன். வேட்பாளர் கனத்த சரீரம். பாதியில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். கம்பும் போர்வையும் வந்தன. முன்தோள் கொடுத்த சடையன் ஓரிடத்தில் நின்று, "இங்கதாங்க எம்புள்ள செத்துச்சு" என்றார்.

போர்வைக்குள்ளிருந்து, "செயிச்சா மொத வேல இந்த ரோடுதான்யா" என்ற குரல் உடைந்து வந்தது.

ஜெயித்தார். மறக்கவும் இல்லை, பாவம். அளவெடுக்க ஆட்களை அனுப்பினார். அதற்குள் மறுவரையறை என்று தொகுதியைப் பிய்த்துப் பக்கத்துத் தொகுதிகளோடு ஒட்டிவிட்டார்கள். அவர் ஒரு துண்டில் நின்று ஜெயித்தார். சித்தேரி வேறு துண்டில், வேறு ஒருவரிடம் போயிற்று.

சடையன் ஆபீசுக்கு வந்தார். "பழையவரு, 'உங்க மலை இப்ப எனக்கு இல்ல'ங்கறாரு. புதுசா வந்தவரு, 'அது அவரு குடுத்த வாக்கு'ங்கறாரு. ஏனுங்க, மலை நவுந்துச்சா?"

வரைபடத்தை விரித்துப் புதிய எல்லைக்கோட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இத்தன கோடு போடறீங்களே, ஒன்ன மலைமேல போட்டா ஆவாதுங்களா?"

கேட்டுக்கேட்டே அவர் போய்ச்சேர்ந்தார். அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் ரோடு வந்தது. இப்போது பழைய ஒற்றையடிப் பாதை புதர் மூடிக் கிடக்கிறது. முதல் பஸ் வந்த அன்று ஊரே ஏறிக்கொண்டதாம். சடையன் மனைவி மட்டும் ஓரமாக ஒதுங்கி, அந்தப் பாதையிலேயே நடந்து இறங்கினாளாம்.

கூப்பிட்டவர்களிடம் சொன்னாளாம்: "இனி எனக்கென்னங்க அவசரம்?"