மூன்று இடத்தில் திருத்தம்

பெரம்பலூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். கிரயப் பத்திரம், அபிடவிட், வெளிநாடு போகிறவர்களுக்குச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு என்று வேலை வந்துகொண்டே இருக்கும். தமிழில் சொல்வதை யோசிக்காமல் இங்கிலீஷில் அடித்துவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. போன வருஷம் அந்தக் கர்வமே என்னைப் பதினோரு நாள் தூங்கவிடாமல் செய்தது.

இதை அப்போது கடைக்கு வந்த ஒரு அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். போர் முடிந்தபின் மகளோடு இலங்கையிலிருந்து வந்தவர். பெரம்பலூர் பக்கம் மறுவாழ்வு முகாமில் இருக்கிறார். ஒரு மத்தியானம் கையில் ஒரு கடிதத்தோடு கடைக்கு வந்தார். அந்தப் போரில் நடந்த குற்றங்களுக்குச் சாட்சியம் சேகரிக்கும் சர்வதேச அமைப்பு ஒன்று அனுப்பியது. பாதிக்கப்பட்டவர்கள் நடந்ததை எழுதி அனுப்பலாம் என்றிருந்தது.

"எனக்கு இங்கிலீஷ் வராது பிள்ளை. நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ."

"சொல்லுங்கக்கா," என்று கீபோர்டை இழுத்துக்கொண்டேன்.

இரண்டு மத்தியானம் சொன்னார். போரின் கடைசி நாட்களில், இயக்கத்தில் ஒரேயொரு நாள் இருந்தவர்களும் வந்து பதிய வேண்டும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ராணுவத்தார் ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். அவர் கணவர் சில மாதம் இயக்கத்துக்கு வண்டி ஓட்டியவர். அவர் தயங்கியிருக்கிறார்.

"நான்தான் போவம் எண்டு சொன்னனான். கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் ஒப்படைச்சனான். சீருடைக்காரர் பேரை எழுதிப்போட்டு பஸ்ஸில ஏத்தினவை. பிறகு ஒரு தகவலும் இல்லை. அவரைக் காணாமல் ஆக்கினவை."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடித்து முடித்து, மெயிலில் அனுப்பிவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, காலையில் அரியலூரில் குழாயடியில் நிற்கிறேன். எதிர்வீட்டுக்காரம்மா சந்தோஷமாகக் கத்திக்கொண்டு வந்தார்.

"ஏங்க, காணாமப் போன எங்க மாமா வூட்டுக்கு வந்துட்டாருங்க!"

சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் போய் ஒரு மாசம் இருந்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் 'காணாமப் போன' என்ற சொல் காதிலேயே நின்றது. குடத்தை வைத்துவிட்டு முதல் பஸ்ஸில் கடைக்கு ஓடினேன்.

கம்ப்யூட்டரில் அந்தக் கடிதத்தைத் திறந்தேன். 'வென்ட் மிஸ்ஸிங்.' மூன்று இடத்தில். ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆர். எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறேன், ஆள் காணவில்லை என்றால் கை தானாக அதைத்தான் அடிக்கும். ஆனால் அக்கா ஒருதடவைகூட 'காணாமல் போனார்' என்று சொல்லவில்லை. 'காணாமல் ஆக்கினவை', ஆக்கினார்கள் என்றுதான் சொன்னார். திருப்பூருக்குப் போனவரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவரையும் நான் ஒரே சொல்லில் போட்டிருக்கிறேன்.

மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உண்மைதான். அப்புறம் போனை எடுத்தேன்.

"அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்ப அவர் தானாப் போனவர் எண்டே அங்க இருக்கு?" என்றார். "ஆமாக்கா," என்றேன். "சரி, திரும்ப எழுதிப் போடுங்கோ," என்று வைத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

மூன்று இடத்தையும் திருத்தி, தப்பு என்னுடையது, அவருடையதல்ல என்று அந்த அமைப்புக்கு எழுதி அனுப்பினேன். சாட்சி மாற்றிப் பேசுகிறார் என்று தள்ளிவிடுவார்களோ என்று பயம். நம்மூர் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் ஒரு வார்த்தைக்கு வக்கீல்கள் படுத்துகிற பாட்டைத் தினமும் பார்க்கிறவள் நான்.

பதினோராம் நாள் பதில் வந்தது. நீங்கள் அனுப்பியது முதல் தகவல்தான், வாக்குமூலம் ஆகாது. அவருடைய மொழியிலேயே பேசி, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சரியென்ற பிறகுதான் பதிவாகும். திருத்தியதற்கு நன்றி. இவ்வளவுதான். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். கிரயப் பத்திரத்துக்கு வந்திருந்த அரும்பாவூர்க்காரர், "என்னங்க, கெட்ட சேதிங்களா?" என்று பதறினார். "இல்லைங்க, நல்ல சேதி," என்றேன்.

வீடியோவில் பேச அக்கா என் கடையைத்தான் கேட்டார். முகாமில் தனியிடம் கிடையாது. விசாரணை செய்கிற பெண் வெளிநாட்டிலிருந்து பேசினார். கூடவே இலங்கைத் தமிழில் மொழிபெயர்க்க ஒருவர். முதலில் என்னைத்தான் வெளியே போகச் சொன்னார்கள். சாட்சியோடு வேறு யாரும் இருக்கக்கூடாதாம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம்.

அக்கா குனிந்து வெளியே வந்தபோது முகம் கழுவினவர் மாதிரி இருந்தார்.

"திருத்தியாச்சு. சொல்லுக்குச் சொல்லு வாசிச்சுக் காட்டினவை," என்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் ஒப்படைச்சனான் எண்டு திரும்பவும் சொன்னனான். விசாரிக்கிற அந்தப் பிள்ளை நிப்பாட்டச் சொல்லிப்போட்டு, ஆர் பேர் எழுதினவை, ஆர் ஏத்தினவை, ஆரின்ர கையில சுடுற துவக்கு இருந்தது எண்டு ஒண்டொண்டாக் கேட்டவா. கடைசியில என்ன எழுதினவை தெரியுமே? 'மனைவி பார்த்துக்கொண்டிருக்க, சீருடைக்காரர் கணவரைத் தங்கட காவலில எடுத்தவை. அவர் எங்க எண்டு பிறகு சொல்லேல்லை.' நான் கொண்டுபோனது அதிலயே வேற இடத்தில எழுதியிருக்கு. ஆனா எடுத்தது அவையள். இத்தினை வருஷமா எனக்கு அது ரெண்டும் ஒண்டாத்தான் இருந்தது பிள்ளை."

"கோர்ட் எப்பன்னு கேட்டீங்களாக்கா?"

"கேட்டனான். தெரியாது எண்டவா. எங்கட நாடு சர்வதேசக் குற்றக் கோர்ட்டில சேரேல்லையாம். வேற ஏதும் கோர்ட் ஒருநாள் கேட்டா, என்னட்டச் சம்மதம் கேட்டுத்தான் குடுப்பினமாம். அதுவரைக்கும் பத்திரமா வைச்சிருப்பினம்." முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "கோர்ட் வரும் எண்டு பொய் சொல்லேல்லை பாருங்கோ. அதால நம்பலாம் போல இருக்கு," என்றார்.

கணவர் என்ன ஆனார் என்பது இன்றைக்கும் தெரியாது. எந்தக் கோர்ட்டும் இன்னும் கேட்கவில்லை.

"எனக்குப் பசிக்குது," என்றார் திடீரென்று. பக்கத்து மெஸ்ஸுக்குப் போனோம். இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். மகளிடமிருந்து போன் வந்தது. இடது கையால் எடுத்தார்.

"ஓம், முடிஞ்சுது. எல்லாம் வடிவாச் சொன்னனான். வையம்மா, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்."