ஒன்பதுக்குப் பிறகு ஏழு

செஞ்சி ரோடு கேங்கில் நான் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் மத்தியானம், நடு ரோட்டில் ஒரு அம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் பாத்தது ஏழுதான் சார்" என்று ஒரே பேச்சாக நின்றாள். கூட வந்தவர்கள் அவளை வண்டியில் ஏற்றி அனுப்பப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் என் வேலைக்கு ஆபத்து. இப்போது கேங்கில் சேரும் பெண்களுக்காக, அதை முதலிலிருந்து சொல்கிறேன்.

1. கல் நட்டது

பாகிஸ்தான் சண்டை முடிந்த சமயம் அது. பழைய மைல் கல்லைப் பிடுங்கிவிட்டு, கிலோமீட்டர் கல் நடச் சொல்லி உத்தரவு. திண்டிவனம் ரோட்டில் எங்கள் கேங்குக்கு வேலை. செஞ்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கல்லில் எழுதியிருக்கும். ஒன்பது, எட்டு, ஏழு என்று ஊரை நோக்கிக் குறைந்துகொண்டே வரும்.

எனக்கு எண் தெரியாது. அஞ்சலை என்று என் பெயரை மட்டும் எழுதுவேன். ஆள் வருகை எழுதும் மஸ்டர் ரோலில் கைநாட்டு வைக்காத ஒரே பொம்பளை நான்தான். எண் தெரியாவிட்டால் என்ன? முதலில் நட வேண்டிய கல்லை மாட்டு வண்டியின் வாலில் வைப்போம், அடுத்தது அதற்கு முன்னால். வரிசையாக இறக்கி நட்டுக்கொண்டே போனால் தப்பே வராது.

அன்று ஒன்பதை நட்டுவிட்டுக் கிளம்பியதும் வண்டிச் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. முதல் நாள் ராத்திரி மழை. பாரம் குறையட்டும் என்று கல்லையெல்லாம் இறக்கி, வண்டியைத் தள்ளி, மறுபடி ஏற்றினோம். ஏற்றியது நான். அதற்கப்புறம் ரெண்டு கல் நட்டோம். யாரும் எண்ணைப் பார்க்கவில்லை.

2. நடந்து வந்தவர்கள்

ரெண்டாவது கல்லுக்கு மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தபோது, கொடி பிடித்துக்கொண்டு ஏழெட்டு பேர் வந்தார்கள்.

"மேல்மலையனூர் கோயிலுக்கா சாமி?" என்று கூட வேலை பார்த்த கன்னியம்மா கும்பிட்டாள்.

"இல்லம்மா, பெங்களூருக்கு. பாண்டிச்சேரியிலேருந்து நடந்தே வர்றோம்" என்றார் முன்னால் வந்த தலைவர். கண்ணாடி போட்டவர், வாத்தியார் மாதிரி இருந்தார்.

"பஸ்ஸு ஓடலையா?"

"சண்டையைப் பத்தி எழுத, போட்டோ எடுக்கப் போன பேப்பர்காரங்களுக்காக நடக்கறோம். நாங்க தாண்டற ஒவ்வொரு கல்லுக்கும் இவ்வளவுன்னு ஜனங்க தர்றதா ஒத்துக்கிட்டிருக்காங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கன்னியம்மா என் காதில், "நடக்கறதுக்குக் காசுன்னா, ஜல்லி சுமந்துகினு நடந்த நாம இன்னேரம் மாடி வூடு கட்டியிருக்கணுமே" என்றாள். சண்டைக்குப் போகிறவன் துப்பாக்கி எடுத்துக்கொண்டு போவான். பேனா எடுத்துக்கொண்டு ஏன் போகிறான்? அதையும் கேட்டேன்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியாக நொண்டி வந்த அம்மாள்தான் பதில் சொன்னாள். "எங்க வூட்டுக்காரர் போட்டோ எடுக்கப் போனாரு. குண்டு பட்டு ஒரு கண்ணு போயிடுச்சு. பட்டாளத்துக்காரனுக்குப் பென்ஷன் இருக்குது. இவருக்கு ஒண்ணுமில்ல."

நோட்டு அவளிடம்தான் இருந்தது. கல்லின் எண்ணை எழுதி, பக்கத்தில் ஊர்க்காரர் யாராவது இருந்தால் சாட்சிக் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. தலைவர் நோட்டைப் பார்த்தார். நாங்கள் நட்ட கல்லைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஒன்பதுக்கு அப்புறம் ஏழுன்னு எழுதியிருக்க. இங்க எட்டு நிக்குது. எட்டுக்கு முன்னாடி ஏழு வருமா?"

"அங்க ஏழுதான் சார் இருந்துச்சு. எட்டைத் தவற விட்டுட்டனோன்னு, நீங்கல்லாம் புளியமரத்தடியில உக்காந்திருந்தப்ப, ஒன்பது வரைக்கும் திரும்பிப் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

அந்தக் காலை வைத்துக்கொண்டு, போக ஒன்று வர ஒன்று, ரெண்டு கிலோமீட்டர்.

"வெயில் தலைக்கு ஏறிடுச்சும்மா உனக்கு. நோட்டு தப்பாச்சுன்னா மொத்தப் பேரையும் ஃபிராடுன்னு சொல்லுவாங்க. நோட்டைக் குடு. நீ வண்டியில ஏறி ஊருக்குப் போயிடு."

"வண்டியில ஏறினா நான் நடந்த கணக்கு எதுவும் செல்லாதே சார்."

எனக்குச் சேறு ஞாபகம் வந்தது; மறுபடி ஏற்றும்போது நான்தான் வரிசையை மாற்றிவிட்டிருக்கிறேன். எங்கள் கேங்கு மேஸ்திரி என்னை முறைத்தார். அந்த வாரம்தான் நிரந்தரமாக்கும் லிஸ்ட் போகிறது, அதில் என் பெயரும் இருக்கிறது. பேசாதே என்று உதட்டைக் கடித்துக் காட்டினார்.

நான் கடப்பாரையைக் கீழே போட்டேன். "அந்தம்மா பாத்தது நிஜம் சார். கல்ல மாத்தி நட்டது நானு."

3. நோட்டில் என் பெயர்

"எழுதிக் குடுப்பியா?" என்றார் தலைவர். அவரே நோட்டில் எழுதினார், நான் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

சாயங்காலம் செஞ்சி கடைத்தெருவில் வியாபாரிகள் அவர்களுக்கு மாலை போட்டு, நோட்டை வாங்கிச் சத்தமாகப் படித்தார்களாம். கூட்டத்தில் எங்கள் ஓவர்சியரும் நின்றிருந்தார். மறுநாள் காலையில் வந்து, "ஊரே சிரிக்குது, அஞ்சல. உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? லிஸ்ட்ல உன் பேரை அடிச்சாச்சு" என்றார். ரெண்டு கல்லையும் பிடுங்கி என்னையே மாற்றி நடச் சொன்னார்.

பிடுங்கும்போதுதான் எனக்குக் குழப்பம் வந்தது. கல்லைச் சரியாக நட்டுவிட்டால், நோட்டில் இருப்பது பொய் ஆகிவிடாதா? நாளைக்கு யாராவது சரிபார்க்க வந்தால் எட்டு எட்டின் இடத்தில் நிற்கும், ஏழு ஏழின் இடத்தில் நிற்கும். அந்த அம்மாள்தான் தப்பாக எழுதியவள் ஆவாள். ஓவர்சியரிடம் கேட்டேன். "அதெல்லாம் உனக்கெதுக்கு, குழியை வெட்டு" என்றார். வெட்டினேன்.

நிரந்தரம் ஆக எனக்கு இன்னும் மூன்று வருஷம் பிடித்தது. அவர்கள் பெங்களூர் போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியாது. பேனாவோடு சண்டைக்குப் போவது ஏன் என்பதும் முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

வேலையில் நான் கற்றது இதுதான். வரிசையை நம்பாதீர்கள், எண்ணைப் படியுங்கள். தெரியாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். தப்பு நடந்துவிட்டால் சரிசெய்வதற்கு முன்னால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். சரிசெய்த பிறகு ரோடு யாருக்கும் சாட்சி சொல்லாது. அந்த அம்மாளுக்குச் சாட்சி என் கையெழுத்து ஒன்றுதான்.